மழைக்காலத்தில் கோழிக்கு எதிரி ஈரம், குளிர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கும் நம்மவர்களிடம், ஆண்டிறுதி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் பனிக்காலத்துக்குச் செய்யும் ஏற்பாடுகளைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதை அப்படியே இங்கே மழைக்காலத்துக்குச் செய்யாதீர்கள். கூட்டை நாலு பக்கமும் மூடாதீர்கள். சூடேற்றும் விளக்கு மாட்டாதீர்கள். நம் சிங்கப்பூரில் கோழியைக் கொல்வது குளிர் அல்ல, ஈரம்.

நான் சிலேத்தார் பக்கம் ஒரு தரைவீட்டில் குடியிருக்கிறேன். பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் ஆறு பெட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். நான்கு கம்பத்துக்கோழி, அதாவது நாட்டுக்கோழி; இரண்டு சில்க்கி என்ற பஞ்சிறகுக் கோழி. சேவல் கிடையாது. முட்டையிட சேவல் தேவையில்லை. விடியற்காலையில் கூவி அக்கம்பக்கத்தாரை எழுப்பவும் வேண்டாம்.

கோழி எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்தில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கோழி இல்லாத வீட்டைப் பார்ப்பதே அபூர்வம். தளத்துக்குச் சாமான் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை வாங்கிவந்து அப்பாயி கூடு கட்டச் சொல்வார். முழங்கால் உயரத்துக்குக் கால் வைத்த கூடு. அடிப்பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. மேலே தகரம், அது கூட்டைவிட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரின் மேல்பாதி வெறும் கம்பிவலை. பிரிட்டிஷார் 1971இல் கிளம்பிப்போய், நாங்களும் பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பின்னால் அந்தக் கூட்டை மறந்தே போனேன். ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் கோழி வாங்கியபோது என்னென்னவோ படித்துப் பார்த்தேன். கடைசியில் தச்சரிடம் வரைந்து கொடுத்தது அப்பாயியின் கூட்டைத்தான்.

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். கம்பத்துக்கோழிக்கும் கருங்கோழிக்கும் அந்த மாத நடுவிலேயே தடை நீங்கியது. மற்ற இறைச்சிக்கோழி அக்டோபரில்தான் வரத் தொடங்கியது. ஈரச்சந்தையில் கோழிக்கடைகள் சாத்திக்கிடந்ததைப் பார்த்த பலருக்கு, நாமே வீட்டில் நாலு கோழி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அந்த ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகள் முட்டையை அட்டைப்பெட்டியிலிருந்து அல்லாமல் வைக்கோலிலிருந்து எடுப்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் கோழி வாங்கிய பலர் வெயில் நாளில் வாங்கினார்கள். மழை வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பேசியில் தேடினார்கள். அங்கே கிடைத்தது எல்லாம் பனி பெய்யும் ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை.

2025 ஜனவரி 10ஆம் தேதி தொடங்கிய அடைமழையைச் சொல்கிறேன். இரண்டே நாளில் சாங்கியில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஜனவரி மாதம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். "ஆன்ட்டி, கோழிங்க கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது. மூச்சு விடுறப்போ ஒரு மாதிரி சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நல்ல கூடுதான், விலை கொடுத்து வாங்கியது. ஆனால் நாலு பக்கமும் கனமான பிளாஸ்டிக் விரிப்பு இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு. நின்றபடி பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியவில்லை. குனிந்து கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன். அடுத்த நொடி கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. எச்சம் ஈரத்தில் ஊறினால் அம்மோனியா கிளம்பும். அது கிளம்பும் இடம் தரை. கோழி இருபத்துநாலு மணி நேரமும் வாழும் இடமும் தரை. விளக்கின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்கியது. ஆவி வெளியே போக வழியில்லாமல் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து மறுபடியும் மரத்தூள் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோழிகளின் கண்ணோரத்தில் நுரை கட்டியிருந்தது.

"முதல்ல அந்த பிளாஸ்டிக்கைக் கழட்டுங்க தம்பி. விளக்கையும் எடுத்துடுங்க" என்றேன். "குளிருமே ஆன்ட்டி" என்றார். "நனையாத கோழிக்குக் குளிராது" என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து மரத்தூள் முழுவதையும் அள்ளி மூட்டை கட்டினோம். தரையைக் கழுவாமல் சுரண்டித் துடைத்தோம், கழுவினால் காயாது என்பதற்காக. என் வீட்டில் இருந்த உலர்ந்த தூளைக் கொண்டுவந்து போட்டோம். மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். ஒரு கோழி பிழைக்கவில்லை. மற்றவை அந்த வாரமே கண் திறந்து இரை பொறுக்க ஆரம்பித்தன. அந்தத் தம்பி அசட்டையானவர் அல்ல. படித்து, செலவு செய்து, அக்கறையோடு செய்தவர். அவருக்குக் கிடைத்த யோசனைதான் வேறு ஊருக்கானது.

அந்த வேறு ஊரிலும் நிலைமை நாம் நினைப்பது போல் இல்லை. என் தங்கை மகள் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறாள். அவளும் கோழி வளர்க்கிறாள். உறைபனிக்குக் கீழே 20 டிகிரி வரை போகும் இரவுகள் அங்கே உண்டு. குடிக்க வைத்த தண்ணீர் கட்டியாகிவிடும். அதை மாற்றுவதுதான் பெரிய வேலை என்பாள். ஆனால் அவளும் கூட்டின் மேற்புறத் திறப்புகளை மூடுவதில்லை. கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி அளவில் இருக்கும். இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றைச் சிறைப்படுத்தி, ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டால் பனியையும் தாங்கும். கொண்டையும் தாடியும் பனியில் கருகிப்போவதற்கு முக்கியக் காரணம் கூட்டுக்குள் அடைபட்ட ஈரக்காற்று. கோழி விடும் மூச்சும் எச்சத்திலிருந்து எழும் ஆவியும் வெளியேறினால் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறையும். சூட்டு விளக்கு விழுந்து வைக்கோல் பற்றிக் கூடே எரிந்துபோவதும் அங்கே நடப்பதுதான். பனிக்கட்டி உறையும் ஊரிலேயே அனுபவசாலிகள் காற்றைத் திறந்து விடுகிறார்கள் என்றால், நமக்கு என்ன அவசியம் வந்தது?

நம் ஊர்க் குளிர் எவ்வளவு? வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் மாதம் வரை இருக்கும். டிசம்பரும் ஜனவரியும்தான் அடைமழைக் காலம். பிப்ரவரியில் வறண்ட காற்று வந்துவிடும். அடைமழை நாளில் வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். இதுவரை இங்கே பதிவானதிலேயே மிகக் குறைந்தது ஏறத்தாழ 19 டிகிரிதான். வளர்ந்த கோழிக்கு மிகச் சுகமான வெப்பநிலை எது தெரியுமா? ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி. அதாவது நாம் ஸ்வெட்டரைத் தேடும் அந்த நாள்தான் கோழிக்கு ஆண்டிலேயே இதமான நாள். மே மாதத்தில் 33 டிகிரியில் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்குமே, உண்மையில் அப்போதுதான் அதற்கு உதவி தேவை. மழை நாளில் அது கேட்பதெல்லாம் உலர்ந்த தரையும், தலைக்குமேல் ஒழுகாத கூரையும், ஓடிக்கொண்டிருக்கும் காற்றும்.

கூட்டை எந்தத் திசையில் மறைப்பது என்பதைச் சிலர் யோசிப்பதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். ஆகவே அந்த இரண்டு பக்கமும் பாதி உயரத்துக்குப் பலகை அடியுங்கள். மேற்பாதி வலையாகவே இருக்கட்டும், கூரை மட்டும் நன்றாக வெளியே நீளட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா புயல்காற்று மழையோடு மோதும். அப்போது மேற்குப் பக்கத்துக்கு ஒரு மறைப்பு தேவை. கழற்றி மாட்டக்கூடிய பலகை ஒன்று இருந்தால் காலத்துக்குத் தக்கபடி இடம் மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்நாட்டில் மரத்தூளை ஓர் அடி உயரத்துக்குப் போட்டு, எச்சத்தோடு மக்கவிட்டு, அதில் கிளம்பும் சூட்டைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆழ்கூளம் என்பார்கள். நம் ஊர் மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு, கூரை கொஞ்சம் ஒழுகினாலும் அது அழுகல் குழியாகிவிடும். நான் நாலு விரல் ஆழத்துக்கு மேல் போடுவதில்லை. தினமும் காலையில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு புதுத்தூள் போட வேண்டும். பெரும்பாலும் தண்ணீர்க் கலத்தைச் சுற்றித்தான் முதலில் நனையும். கலத்தைத் தரையில் வைக்காமல் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல் மேடையில் வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

கோழி மேயும் வெளித்தரை மண்ணாக இருந்தால் இரண்டு நாள் மழையில் சேறாகிவிடும். அதில் நிற்கும் கோழிக்குப் பாதத்தில் புண் வரும். அடிப்பாதம் தடித்து, நடுவில் கறுப்புப் பொருக்கு தட்டும். மேட்டுப்பாங்காக ஆற்றுமணலைக் கொட்டி, ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்னக் கால்வாய் வெட்டிவிடுங்கள். மேலே ஒளிபுகும் கூரைத்தகடு போட்டால் கோழி மழைநாளிலும் வெளியே வந்து மணலில் புரண்டு குளிக்கும். அந்த மணல்குளியல் இல்லாவிட்டால் செள்ளும் பேனும் பெருகும்.

சில்க்கி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பஞ்சு போல் இருக்கிறது என்று பிடித்துப்போய் வாங்குகிறார்கள். சாதாரணக் கோழியின் இறகில் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிணைந்திருக்கும், மழைத்துளி வழிந்து ஓடிவிடும். சில்க்கிக்கு அந்தக் கொக்கி கிடையாது. ஒரு தூறலுக்கே தோல்வரை நனைந்துவிடும். நனைந்த சில்க்கியைக் கையில் எடுத்தால் அதன் நெஞ்செலும்பு விரலில் முட்டும். இவ்வளவு சின்ன உடம்பா என்று பதறிப்போவீர்கள். உடனே துண்டால் ஒற்றி எடுத்து, முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் வைத்து, எட்டப் பிடித்து, வயிற்றுப்புறம் வரை உலர்த்திவிட வேண்டும். இப்படி நனைந்துவிட்ட கோழிக்கு மட்டும்தான் குளிர் ஆபத்து.

தீவன விஷயத்தில் மழைக்காலம் ஒரு பெரிய சோதனை. சோளமும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனத்தில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். சூடாக்கினாலும் காயவைத்தாலும் அந்த நச்சு போகாது. லேசாகக் கட்டி பிடித்திருந்தாலும், பழைய வாடை வந்தாலும், மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்; காசைப் பார்க்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய மூட்டை வாங்காமல் மூன்று, நான்கு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். நான் கோங் குவான் பிஸ்கட்டின் பழைய பெரிய தகர டின்னில் போட்டு, மூடியை இறுக்கி அடித்துச் சமையலறையில் வைத்திருக்கிறேன். எலியும் அண்டாது.

இன்னொரு சந்தேகத்தையும் பலர் கேட்கிறார்கள். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும், அதற்கு விளக்குப் போட்டு நாளை நீட்ட வேண்டும் என்கிறார்களே, இங்கேயும் போடலாமா என்று. அங்கே முட்டை நிற்பதற்குக் காரணம் குளிர் அல்ல, பகல் குறுகிப்போவது. நிறைய முட்டையிட 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தேவை. ஒன்டாரியோவில் டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. மழைமாதத்தில் உங்கள் கோழி முட்டையிடாவிட்டால் காரணத்தை வேறு எங்காவது தேடுங்கள்: இறகு உதிர்கிறதா, அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா, பேன் பிடித்திருக்கிறதா, தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து போதுமா. இறகு உதிரும்போது புரதம் கூடுதலாக வேண்டும். நெத்திலியை ஒரு மணி நேரம் ஊறவைத்து உப்பைக் கழுவி ஆளுக்கு நாலைந்து கொடுக்கலாம். மற்றபடி அது ஓய்வெடுக்கட்டும்.

நோய்களில் நான் மிகவும் பயப்படுவது ரத்தக்கழிச்சல். எச்சத்தில் வெளிவரும் நோய்க்கிருமி முட்டைகள், சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரண்டு நாளுக்குள் வீரியம் பெற்றுவிடும். நம் மழைக்காலத் தரை அதற்கென்றே செய்துவைத்த மாதிரி. மூன்று வாரத்திலிருந்து சில மாத வயது வரையுள்ள இளங்கோழிகள்தான் அதிகம் பலியாகும். உடம்பைக் குறுக்கி, இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். அப்பாயி சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பார். எனக்கு அதில் பிரியம் உண்டு, சளி பிடித்த மாதிரி இருந்தால் நானும் கொடுப்பேன். ஆனால் ரத்தம் தெரிந்துவிட்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தக்கூடாது. மருத்துவரிடம் போய் உரிய மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால்தான் பிழைக்கும். இங்கே நாய், பூனை பார்க்கும் மருத்துவமனை எல்லாமே கோழியைப் பார்க்காது. யார் பார்ப்பார்கள் என்பதை வெயில் நாளிலேயே விசாரித்துவையுங்கள்.

கொசுவைச் சொல்லவே வேண்டாம். டெங்கிக்காக நாம் அஞ்சும் ஏடிஸ் ஒரு பக்கம் இருக்க, கொசுக்கடியால் கோழிக்கு அம்மையும் வரும். கொண்டையில் பருப்பருவாகப் புண் கிளம்பும். தண்ணீர்க் கலம், கூரைமடிப்பு, கூட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய தட்டு எல்லாவற்றிலும் நீர் தேங்கும். கோழிக்கு வைக்கும் தண்ணீரை நான் தினமும் கொட்டி, கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன். கொசு முட்டை கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

பறவைக் காய்ச்சல் பற்றி அஞ்சி நடுங்கவும் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடநாடுகளிலிருந்து வலசைப் பறவைகள் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வந்து போகின்றன. அவற்றைப் பார்க்க நானே பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதுண்டு. அதே மாதங்களில்தான் நம் மழையும். ஆகவே நம் கோழிகளைக் காட்டுப் பறவைகளோடு கலக்கவிடாமல் வைத்திருப்பது மழைக்காலத்தில் இரட்டிப்பு முக்கியம். தரைவீட்டில் பத்துக் கோழி வரை விற்பனை நோக்கமில்லாமல் செல்லமாக வளர்க்கலாம். பறவை நுழைய முடியாத கூண்டில் வைத்திருக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் அனுமதி இல்லை. இந்த விதியைத் தொந்தரவாக நினைப்பவர்கள் உண்டு. கோழியோடு வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல விதி. மைனாவும் புறாவும் காகமும் நம் தீவனத் தட்டில் வந்து கொத்திவிட்டுப் போனால் எந்த நோயும் வரலாம். தீவனத்தைக் கூட்டுக்கு உள்ளேயே வையுங்கள். கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தாலோ, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாரித்தாலோ, வெறுங்கையால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். குப்பையில் போட்டு மறைக்காதீர்கள்.

கனமழையில் கால்வாய் நிறைந்தால் மலைப்பாம்பு மேலேறி வரும். பெரிய கண்ணுள்ள கோழிவலையைக் கோழி தாண்டாது, அவ்வளவுதான். பாம்பின் தலையும் எலியும் அதில் சுலபமாக நுழையும். விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமான, பற்றவைத்த கம்பிவலையைப் போடுங்கள். பாம்பு வந்துவிட்டால் அடிக்காதீர்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்தால் ஆள் வந்து பிடித்துச் செல்வார்கள்.

குஞ்சு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறகு முளைக்காத குஞ்சுக்கு மட்டும் விளக்கின் சூடு தேவைதான். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். ஆறு வாரத்தில் இறகு மூடிவிடும். ஆனால் நவம்பரிலோ டிசம்பரிலோ பள்ளி விடுமுறை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காகக் குஞ்சு வாங்காதீர்கள். ரத்தக்கழிச்சல் தாக்கும் வயதும் தரை ஈரமாக இருக்கும் காலமும் ஒன்றாக வந்து சேரும். தைப்பூசம் முடியட்டும். பிப்ரவரி வறட்சியில் வாங்கினால் அடுத்த மழைக்குள் அவை பெரிய கோழிகள். ஆகஸ்டுவாக்கில் முட்டையும் கிடைக்கும். குஞ்சு விற்கும் கடைக்காரர்களும் இதை வாங்குபவரிடம் சொல்லி அனுப்பினால் நல்லது.

கடைசியாக, என் மனத்தை மிகவும் வருத்தும் ஒன்று. மழை வந்ததும் நாற்றம் தாங்கவில்லை, வேலை அதிகம் என்று கோழியைப் பூங்கா ஓரத்திலோ காட்டுப் பக்கத்திலோ விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சுதந்திரம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டில் வளர்ந்த கோழிக்கு இரை தேடத் தெரியாது, மரத்தில் ஏறித் தங்கத் தெரியாது. பிழைத்துக்கொண்டவையும் நம் ஊரின் சொந்தக் காட்டுக்கோழியோடு கலந்து அந்த இனத்தையே நீர்த்துப்போகச் செய்கின்றன. பிறகு குடியிருப்பாளர்கள் சத்தம் என்று புகார் செய்கிறார்கள். 2017இல் சின் மிங் குடியிருப்பு வட்டாரத்தில் 24 கோழிகள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் கோழிகள் எங்கிருந்து வந்தவை என்பது வேறு விஷயம். அப்படி ஒரு நிலைமைக்கு நம் வீட்டுக் கோழி ஒன்றும் போய்ச் சேரக்கூடாது. வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். சிலேத்தார், செம்பவாங் பக்கம் கேட்டுப் பார்த்தால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும். நானும் இரண்டு கோழிகளை அப்படித்தான் பெற்றேன்.

இந்தக் கடிதம் அச்சாகும்போது டிசம்பருக்கு இன்னும் சில வாரம் இருக்கும். இந்த வார இறுதியிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கூட்டின் கூரைமேல் ஊற்றி, உள்ளே எங்கே சொட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆணி ஓட்டைகளில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கூரையைப் பிரித்து மாற்றும் வேலை என்றால் தீபாவளிக்கு முன்பே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள், மழை தொடங்கிய பிறகு யாரும் சீக்கிரம் கிடைக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிலேத்தார்